வாட்டுக்கு முன்னால் ஓம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குக் கம்பி இழுக்கும் பட்டறையில் பத்து நிமிடம் நின்று பார்த்தவருக்கு மின்சாரத்தின் பாதிப் பாடம் முடிந்துவிடும். உருக்கி வார்த்த வெள்ளிக் கம்பியை எஃகு அச்சில் உள்ள துளைக்குள் நுழைத்து இழுப்பார்கள். அடுத்து அதைவிடச் சின்னத் துளை, அதற்கடுத்து இன்னும் சின்னது. ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பி மெலியும், நீளும். எடை மாறாது. உள்ளே போன வெள்ளிதான் வெளியே வருகிறது.

ஆனால் மின்சாரத்தைப் பொறுத்தவரை அது வேறு கம்பி ஆகிவிட்டது. விட்டம் பாதியானால் குறுக்குவெட்டுப் பரப்பு கால்பங்கு ஆகும். நீளம் நான்கு மடங்கு ஆகும். மெலிந்ததால் நான்கு மடங்கு, நீண்டதால் இன்னொரு நான்கு மடங்கு என்று அந்தக் கம்பி கரன்ட்டுக்குக் காட்டும் தடை 16 மடங்கு ஏறிவிடும். இந்தத் தடையைத்தான் ஓம் என்ற அலகில் அளக்கிறோம். ஜார்ஜ் ஓம் என்ற ஜெர்மானிய ஆசிரியர் 1827இல் வெளியிட்ட நூலில் எழுதிய விதியை இன்றைய அலகுகளில் சொன்னால்: கரன்ட்டைத் தள்ளும் அழுத்தம் வோல்ட், ஓடும் கரன்ட் ஆம்பியர், தடுப்பது ஓம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். ஸ்பீக்கர் விஷயத்தில் நமக்கு வேண்டிய கணக்கு இந்த இரண்டு வரிதான்.

கடைக்குப் போய் ஸ்பீக்கர் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதைத்தான். ஓம் எவ்வளவு, வயர் எவ்வளவு நீளம் என்று கேட்பவர் குறைவு. பண்டிகை நாளில் ஆம்ப்ளிஃபையர் புகைவதும், வீட்டில் புது செட் சப்பென்று ஒலிப்பதும் பெரும்பாலும் இந்தக் கேட்காத இரண்டு கேள்வியால்தான்.

ஆடி மாதம் செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன் கோவிலில் பூச்சாட்டியதும் தெருவெல்லாம் கூம்பு ஸ்பீக்கர் ஏறிவிடும். எங்கள் ஊர்ப் பேச்சில் அது குழா. சின்ன வயதில் நான் மைக்செட் மேசைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். ஒரு வருடம் சாயங்காலப் பூஜைக்குச் சற்று முன்னால், வார்னிஷ் கருகிய வாசனையோடு பாட்டு நின்றது.

"ஏண்ணா, பொகை வருது?"

"நாலு பாக்ஸையும் ஒண்ணா கோத்துட்டான் பையன். ரெண்டு ஓம் ஆயிப்போச்சு தம்பி."

நான்கு பாக்ஸும் தலா 8 ஓம். அந்த ஆம்ப்ளிஃபையரோ 4 ஓமுக்குக் கீழே தாங்காது. எட்டும் எட்டும் எட்டும் எட்டும் சேர்ந்தால் 32 ஆக வேண்டாமா, எப்படி 2 ஆனது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இப்போதும் இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கோவிலில் தரிசனம் முடிந்து வெளியே வர ஒரு வாசல்தான் என்றால் கூட்டம் மெல்ல வரும். பக்கத்திலேயே அதே அளவில் இன்னொரு வாசல் திறந்தால் இரண்டு மடங்கு ஆட்கள் வெளியே வருவார்கள். வாசல் கூடக்கூடத் தடை குறையும். இரண்டு ஸ்பீக்கரின் ப்ளஸ்ஸையெல்லாம் ஒன்றாகவும் மைனஸையெல்லாம் ஒன்றாகவும் முறுக்கினால் நீங்கள் வாசலைப் பக்கத்தில் பக்கத்தில் திறக்கிறீர்கள். 8 ஓம் இரண்டு சேர்ந்தால் 4, நான்கு சேர்ந்தால் 2. ஆம்ப்ளிஃபையர் 20 வோல்ட் தள்ளுகிறது என்று வையுங்கள். ஒரு 8 ஓம் பாக்ஸ் மட்டும் இருந்தால் இரண்டரை ஆம்பியர் ஓடும், 50 வாட். 4 ஓம் ஆனால் 5 ஆம்பியர், 100 வாட். 2 ஓம் ஆனால் 10 ஆம்பியர், 200 வாட். செட்டின் பின்பக்கத்தில் "குறைந்தது 4 ஓம்" என்று எழுதியிருந்தால், உள்ளே இருக்கும் ட்ரான்சிஸ்டர் 5 ஆம்பியரைத் தாங்கத்தான் செய்யப்பட்டிருக்கிறது. பத்தைக் கேட்டால் அது சூடேறி உயிரை விடும். ஸ்பீக்கர் கூடினால் பாரம் பகிர்ந்துகொள்ளப்படும் என்று மனசு சொல்லும். மின்சாரத்தில் பாரம் ஆம்ப்ளிஃபையர் தலையில்தான் ஏறுகிறது.

ஒன்றின் வாலை அடுத்ததன் தலையில் கட்டி வரிசையாகக் கோத்தால் கதை மாறும். எட்டும் எட்டும் 16. ஆம்ப்ளிஃபையருக்குச் சுகம், ஆனால் வாட் குறையும். சீரியல் பல்பு செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணைவது போல, ஒரு ஸ்பீக்கர் போனால் எல்லாம் ஊமையாகும். நான்கு பாக்ஸை இரண்டிரண்டாக வரிசையில் கோத்து, அந்த இரண்டு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் மறுபடியும் சரியாக 8 ஓம் கிடைக்கும். அன்றைக்கு அந்தப் பையன் இப்படிக் கட்டியிருந்தால் பாட்டு நின்றிருக்காது.

ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருக்கும் அந்த 8 ஓம் எங்கிருந்து வருகிறது? கூம்புக் காகிதத்தின் அடியில் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிய ஒரு சின்ன உருளை இருக்கிறது. காயில் என்பார்கள். அது ஒரு காந்தத்தின் இடுக்கில் தொங்குகிறது. கரன்ட் ஒரு பக்கம் ஓடினால் காயில் முன்னால் தள்ளப்படும், திரும்பி ஓடினால் பின்னால் இழுக்கப்படும். காகிதமும் கூடவே போய்வந்து காற்றை அசைக்கும். இந்த அமைப்பை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த ரைஸும் கெல்லாக்கும், 1925 வாக்கில். நூறு வருடம் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

மல்டிமீட்டரை ஓமில் வைத்து 8 ஓம் ஸ்பீக்கரைத் தொட்டால் ஆறு, ஆறரை என்றுதான் காட்டும். ஸ்பீக்கர் கெட்டுப்போகவில்லை. மீட்டர் அனுப்புவது ஒரே திசையில் ஓடும் கரன்ட், அது காயிலின் கம்பித் தடையை மட்டும் பார்க்கும். பாட்டில் கரன்ட் விநாடிக்குப் பல நூறு தடவை திசை மாறுகிறது. அப்போது காயிலும் காந்தமும் சேர்ந்து கூடுதல் எதிர்ப்பு காட்டும். ஸ்வரத்துக்கு ஸ்வரம் அது ஏறி இறங்கும். 8 என்பது பொதுவாக எடுத்துக்கொள்ள ஒரு பெயரளவு எண். மீட்டர் முள்ளே அசையாவிட்டால்தான் காயில் அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். ஆம்ப்ளிஃபையரில் இருந்து கழற்றிய ஸ்பீக்கர் பாக்ஸின் வலையை எடுத்துவிட்டு, ஒரு ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியின் ப்ளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்கும் மைனஸைக் கறுப்புக்கும் ஒரு நொடி தொடுங்கள். "டப்" என்று சத்தம் வரும், பெரிய காகிதம் வெளிப்பக்கம் துள்ளும். மாற்றித் தொட்டால் உள்ளே போகும். வீட்டில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு வயர் மாறியிருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தவில், பறை, மிருதங்கத்தின் தொப்பி எல்லாம் காணாமல் போய்விடும், பாட்டு மட்டும் மெலிதாகக் கேட்கும். புது செட் வாங்கி "பேஸே இல்லை" என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனி வாட்டுக்கு வருவோம். 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. 3 டெசிபல்தான் கூடும், கவனித்துக் கேட்டால்தான் தெரியும். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்றவே ஏறக்குறைய 10 டெசிபல் ஏற வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்கு வேண்டும். ஆகவே ஸ்பீக்கர் ஒரு வாட்டை எவ்வளவு சத்தமாக மாற்றித் தருகிறது என்பதுதான் பெரிய விஷயம். வீட்டு பாக்ஸ் ஒன்று, ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும். கூம்பு ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 107 டெசிபல் பக்கம் தரும். வீட்டு பாக்ஸ் 100 வாட்டில் போடும் சத்தத்தைக் குழா ஒரே வாட்டில் போட்டுவிடுகிறது. அதனால்தான் சைக்கிளில் கொண்டுவந்த ஒரு சின்ன செட்டும் இரண்டு குழாயும் ஒரு பேட்டை முழுக்கக் கேட்டது. இதற்கு விலையும் உண்டு. குழா பேச்சையும் நாயனத்தையும் எடுத்துக்கொடுக்கும், அடித்தாளத்தை விட்டுவிடும்.

அட்டைப் பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட் அச்சடித்து விற்கும் செட்டுகளைப் பற்றி ஒரே வார்த்தை: பின்பக்கத் தகட்டில் அது லைனில் இருந்து எடுக்கும் வாட் எழுதியிருக்கும். 60 என்று இருந்தால் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து போவது அறுபதுக்குள்தான். வாங்கியதைவிட அதிகமாக யாராலும் கொடுக்க முடியாது.

தெருவுக்குத் திரும்புவோம். கோவில் வாசலில் ஆம்ப்ளிஃபையர், லீ பஜார் பக்கம் 50 மீட்டர் தள்ளி ஸ்பீக்கர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்கு 0.017 ஓம் தடை காட்டும். கேட்க ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஆனால் கரன்ட் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். போக 50, வர 50 என்று 100 மீட்டர் ஆகிறது. மொத்தம் 1.7 ஓம். ஸ்பீக்கர் கூட்டம் 4 ஓம் என்றால், நீங்கள் 4 ஓமுக்கு முன்னால் ஒரு 1.7 ஓம் அடுப்பை வரிசையில் வைத்திருக்கிறீர்கள். வயர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் 200 வாட் போகக்கூடிய அந்த இடத்துக்கு இப்போது போய்ச் சேர்வது சுமார் 98 வாட். மொத்தத் தடை ஏறியதால் ஆம்ப்ளிஃபையர் தருவதே குறைந்துவிட்டது, அதிலும் 42 வாட் வயரைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. பாதிக்கு மேல் காணோம்.

தடிமனான வயர் போடலாம், ஆனால் எடையும் விலையும் ஏறும். மைக்செட்காரர்கள் கையாளும் வழி வேறு. குழாயின் பின்னால் குட்டியாக ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஆம்ப்ளிஃபையரின் முதுகில் 4 ஓம், 8 ஓம், 16 ஓம் என்ற திருகுகளுக்குப் பக்கத்தில் 100 வோல்ட் என்றும் ஒரு திருகு இருக்கும். தமிழ்நாட்டு மைக்செட் மேசைகளில் பார்த்துப் பழகிய அகூஜா செட்டுகளிலும் இது உண்டு. 200 வாட்டை 4 ஓமுக்குக் கொடுக்க ஏழு ஆம்பியர் ஓட வேண்டும். அதே 200 வாட்டை 100 வோல்ட்டில் அனுப்பினால் 2 ஆம்பியர் போதும். வயரில் வீணாவது கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, எனவே கரன்ட் கொஞ்சம் குறைந்தாலும் நஷ்டம் மளமளவென்று குறையும். அதே வயர், அதே 50 மீட்டர். இப்போது ஸ்பீக்கர்களுக்கு 187 வாட் போய்ச் சேரும், வயரில் போவது ஏழு வாட்டுக்கும் குறைவு. குழாயில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் 100 வோல்ட்டை இறக்கிக் காயிலுக்கு ஏற்றபடி கொடுத்துவிடும்.

மேட்டூரில் இருந்து சேலத்துக்கு மின்சாரம் வருவதும் இதே யுக்தியால்தான். அங்கே உண்டாகும் மின்சாரத்தை 1 லட்சத்து 10 ஆயிரம் வோல்ட், அதற்கும் மேல் என்று ஏற்றித்தான் கோபுரக் கம்பிகளில் அனுப்புகிறார்கள். ஊருக்குள் இறக்கி, தெரு ட்ரான்ஸ்ஃபார்மரில் மறுபடி இறக்கி, வீட்டுக்கு 230 வோல்ட் ஆக்குகிறார்கள். மாரியம்மன் கோவில் தெருவில் ஓடும் குழா லைன் அந்தப் பெரிய ஏற்பாட்டின் குட்டிப் பிள்ளை. சின்ன வயதில் இந்த உறவை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பள்ளிக்கூடத்துப் பௌதிகம் எவ்வளவோ இனித்திருக்கும்.

100 வோல்ட் லைனில் ஓம் கணக்கு போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு குழாயின் ட்ரான்ஸ்ஃபார்மரும் எத்தனை வாட் திருகில் மாட்டியிருக்கிறது என்று பார்த்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 20 வாட்டில் பத்து குழா என்றால் 200. செட் 250 வாட் என்றால் கொஞ்சம் மிச்சம் வைத்தாயிற்று. இங்கே சாதாரண மல்டிமீட்டரை நம்பக் கூடாது. ட்ரான்ஸ்ஃபார்மரின் சுருளுக்கு ஒரே திசைக் கரன்ட்டில் தடை மிகக் குறைவு, மீட்டர் சில ஓம்தான் காட்டும், பார்த்தவர் ஷார்ட் என்று பயந்துபோவார். இன்னொன்று: ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத குழா ஒன்றே ஒன்று தவறி இந்த லைனில் சேர்ந்துவிட்டால், 16 ஓம் காயில் மேல் 100 வோல்ட் நேராக விழும். 600 வாட்டுக்கு மேல் இழுக்கும். காயில் உடனே கருகும், செட்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். இந்த லைன் கையில் பட்டால் ஷாக்கும் அடிக்கும். ஸ்பீக்கர் வயர்தானே என்று பாட்டு ஓடும்போது பல்லால் உரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

வீட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. போக வர வயரின் மொத்தத் தடை, ஸ்பீக்கர் ஓமில் இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். 8 ஓம் பாக்ஸ் 5 மீட்டரில் இருந்தால் ஒரு சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம். 15 மீட்டர் என்றால் ஒன்றரை. அதற்கு மேல் விலை உயர்ந்த வயர் வாங்குவதில் காதுக்கு லாபம் எதுவும் இல்லை. வெள்ளி வயர் போட்டால் ஒலி தெளியும் என்று விற்பவர்கள் உண்டு. மின்சாரத்தைக் கடத்துவதில் உலோகங்களில் முதல் இடம் வெள்ளிக்குத்தான், உண்மை. ஆனால் செம்பு அதைவிட ஆறு சதவீதம்தான் பின்தங்கியது. ஆறு சதவீதம் வேண்டுமானால் செம்பு வயரையே கொஞ்சம் தடிமனாக வாங்கிக்கொள்ளலாம். வெள்ளி கொலுசில் இருக்கட்டும்.

ஏமாறாமல் இருக்க வேண்டியது வேறு இடத்தில். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிச் செம்பு வயர் போலவே விற்கிறார்கள். அலுமினியத்தின் கடத்தும் திறன் செம்பில் அறுபது சதவீதத்தைச் சுற்றித்தான். அது அடிக்கடி வளைத்தால் முறியும், திருகில் இறுக்கினாலும் நாளாவட்டத்தில் தளரும். வெள்ளியின் சுத்தத்தைக் காட்டும் டச் பார்க்காமல் பட்டறையில் யாரும் வாங்க மாட்டார்கள். வயருக்கும் பார்க்கலாம். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாகப் பளிச்சிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒலியைக் கூட்டும் குமிழை ஒரேயடியாகத் திருகினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தன்னால் முடிந்த வோல்ட்டுக்கு மேல் ஆம்ப்ளிஃபையரால் போக முடியாது. அலையின் தலையும் காலும் சீவப்பட்டுத் தட்டையாகும். பாட்டு கரகரக்கும். அந்தக் கரகரப்பில் மேல் ஸ்வரச் சக்தி அதிகம், அது நேராக பாக்ஸில் மேல் ஸ்வரம் பேசும் சின்ன ட்வீட்டருக்குப் போய் அதைச் சுட்டுவிடும். சின்ன செட்டை முழுக்கத் திருகி ட்வீட்டர்களைப் பலி கொடுப்பதைவிடக் கொஞ்சம் பெரிய செட்டைப் பாதியில் வைப்பது நல்லது.

மழை நாளில் ஆடிப் பண்டிகை வரும். பந்தல் காலோரம் தண்ணீர் தேங்கும், இரும்புக் கம்பத்தில் வயர் உரசும். செட்டின் மூன்று முனை ப்ளக்கில் பெரிய முனையை உடைத்துவிட்டு இரண்டு ஓட்டைப் பலகையில் சொருகுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். அந்தப் பெரிய முனைதான் எர்த். செட்டுக்குள் லைன் எங்காவது தகட்டில் பட்டுவிட்டால் கரன்ட் அந்த வழியாக மண்ணுக்குப் போய் ஃபியூஸ் போகும். அந்த வழி இல்லையென்றால் அது மைக்கைப் பிடித்திருப்பவர் உடம்பு வழியாகப் போகும். மைக்கின் இரும்பு செட்டின் தகட்டோடு சேர்ந்ததுதான். எர்த்தோடு 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் லைனில் இருக்கட்டும். கரன்ட் வேறு வழியில் கசிந்தால் கண் சிமிட்டும் நேரத்துக்குள் அது லைனை வெட்டிவிடும். மின்கம்பத்தில் கொக்கி போடாமல் மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

சத்தத்துக்கும் எல்லை இருக்கிறது. மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் இதைவிட 10 டெசிபல் வரை கூடலாம், 75ஐத் தாண்டவே கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் நிறுத்திவிட வேண்டும். முன்னே சொன்ன குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும், பத்து மடங்கானால் 20. ஒரே வாட்டில் ஒரு மீட்டரில் 107 என்றால் 10 மீட்டரில் 87, நூறு மீட்டர் தள்ளியும் 67. ஒரு வாட்டிலேயே இப்படி. அதனால் நாலு குழாயை முழுசாகத் திறப்பதைவிட, பத்து குழாயைத் தெரு நெடுகப் பரப்பி, ட்ரான்ஸ்ஃபார்மரில் ஆகக் குறைந்த வாட் திருகில் மாட்டி, தரையைப் பார்த்துச் சாய்த்து வைப்பது மேல். கும்பிட வந்தவருக்கு மந்திரம் காதில் விழும். கம்பத்தடி வீட்டில் கைக்குழந்தை தூங்கும்.

எங்கள் தெரு மைக்செட்காரர் செட்டைப் போட்டதும் பாட்டு வைக்க மாட்டார். குமிழைத் துளியளவு திறந்து, பையனை மைக்கில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லச் சொல்லிவிட்டு, முதல் குழாயில் இருந்து கடைசிக் குழாய் வரைக்கும் நடந்தே போவார். ஒவ்வொன்றின் கீழேயும் நின்று தலையைச் சாய்த்துக் கேட்பார். கடைசிக் குழாயும் முதல் குழாயும் ஒரே மாதிரி பேசினால்தான் அங்கிருந்தே கையைத் தூக்கிக் காட்டுவார். அப்புறம்தான் பையன் பாட்டை வைப்பான்.